சம்பளத்தை இறக்கி வைப்பது என்றால் என்ன? ரொறன்ரோவின் ஒரு வீரர் பரிமாற்றமும் எங்கள் தீவகக் கழகமும்

ஸ்காபரோவில் இரவு பத்து மணி என்றால் எங்களுக்குக் காலை ஏழரை. அந்த நேரத்தில் என் தொலைபேசி அடித்தால் அது பெரியம்மாவின் மகன்தான். 1991இல் தீவகத்தை விட்டு வெளிக்கிட்டபோது அவருக்குப் பதினொரு வயது, எனக்கு இரண்டு. அவர் வன்னி, கொழும்பு என்று அலைந்து கடைசியில் ரொறன்ரோவில் நின்றார். நாங்கள் பல வருடம் கழித்து ஊருக்கே திரும்பினோம். அங்கே போனபிறகும் அண்ணா இரண்டு விடயங்களைக் கைவிடவில்லை. ஒன்று எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம். மற்றது ரொறன்ரோ ராப்டர்ஸ் கூடைப்பந்தாட்ட அணி.

போன கிழமை இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

எங்கள் கழகத்தின் கரப்பந்தாட்ட அணிக்கு வடமராட்சியிலிருந்து ஒருவர் வந்து விளையாடுகிறார். நல்ல உயரம். வலைக்கு மேலே எழும்பி அடித்தால் எதிரணி கைவைக்கப் பயப்படும். மூன்று வருடமாக வருகிறார். போக்குவரத்து, சாப்பாடு, ஒவ்வொரு சுற்றுப்போட்டிக்கும் ஒரு தொகை என்று வெளிநாட்டிலிருந்து கழகத்துக்கு வரும் காசில் பாதிக்கு மேல் அவருக்கே போகிறது. இதற்கிடையில், பந்தை எழுப்பிக் கொடுக்கிற எங்கள் செற்றர் வேலைக்குக் கட்டார் போகப்போகிறார் என்ற கதை அடிபடுகிறது. அவருக்கு மாற்றாக இருப்பது நெடுந்தீவுப் பெடியன் ஒருவன்தான். அவன் பயிற்சிக்கு வந்தால் கடைசிப் படகைப் பிடிக்க வெள்ளனவே ஓட வேண்டும். இல்லையென்றால் இந்தப் பக்கம் தங்க ஒரு இடம் வேண்டும். அதற்குக் காசு இல்லை.

கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் அண்ணா எழுதினார்: "அடிக்கிறவரை விடுங்கோ. அந்தக் காசில ரெண்டாவது செற்றரை வளருங்கோ. ராப்டர்ஸ் 2013இல செய்தது இதைத்தான்."

பிறகு சண்டை. "கனடாவில இருந்து கதைக்கிறது லேசு" என்றான் ஒருவன். "கூடைப்பந்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்றான் இன்னொருவன். அடுத்த நாள் காலை ஏழரைக்குத் தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, மீடியா படிச்சனி நீதான். சம்பளத்தை இறக்கிறதெண்டா என்னெண்டு உந்தப் பெடியளுக்கு நீ விளங்கப்படுத்து. நான் சொன்னா வாய்க்காட்டுறாங்கள்."

விளங்கப்படுத்த முயல்கிறேன். ஆனால் அண்ணா எதிர்பார்க்கும் முடிவுக்கு இது போகாது.

பந்தைக் கொண்டு போகிறவரும் அவருக்கு அடுத்தவரும்

கூடைப்பந்தாட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு அணிக்கு ஐந்து பேர் களத்தில் நிற்பார்கள். அமெரிக்க, கனேடிய அணிகள் ஆடும் என்.பி.ஏ. தொடரில் ஒரு ஆட்டம் 48 நிமிடம். இந்த ஐந்து பேரில் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னே போய், யார் எங்கே ஓட வேண்டும் என்று காட்டி, சரியான ஆளிடம் சரியான நேரத்தில் கொடுக்கிறவர்தான் பொயின்ற் கார்ட். கரப்பந்தாட்டத்தில் செற்றர் செய்யும் வேலைக்கு நெருங்கியது இது. புள்ளி எடுக்கிறவர் இவராக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இவர் தடுமாறினால் மற்ற நான்கு பேரும் தடுமாறுவார்கள்.

முதல்தரமான பொயின்ற் கார்ட் ஒருவர் ஆட்டத்தில் 35 நிமிடமளவில் விளையாடுவார். மிச்ச நேரம் இளைப்பாற வேண்டும். அந்தப் பன்னிரண்டு பதின்மூன்று நிமிடத்தைத் தாங்குகிறவர்தான் மாற்றுப் பொயின்ற் கார்ட். குறிகட்டுவானில் நின்று படகுக்குக் காத்திருந்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. குமுதினி ஓடும் நாளில் இரண்டாவது படகைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. அது பழுதுபார்க்கப் போகும் நாளில் முழுத் தீவும் அதைப் பற்றித்தான் கதைக்கும்.

உச்சவரம்பும் வரியும்

அடுத்தது காசு. பணக்கார நகரத்து அணி எல்லா நல்ல வீரர்களையும் வாங்கிவிடக்கூடாது என்பதற்காக என்.பி.ஏ. சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2013-14 பருவத்தில் அது 5 கோடி 86 இலட்சம் டொலருக்குச் சற்று மேல். இந்த வரம்பு முற்றாக இறுக்கமானது அல்ல. சில விதிவிலக்குகளோடு அதைத் தாண்டலாம். ஆனால் தாண்டிய அணி வெளியிலிருந்து புதிய வீரரை விரும்பியபடி ஒப்பந்தம் செய்ய முடியாது. மற்ற அணியோடு வீரர்களைப் பரிமாறும்போதும் கொடுக்கும் சம்பளமும் வாங்கும் சம்பளமும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். அதற்கு மேலே இன்னொரு கோடு உண்டு. அந்தப் பருவத்தில் அது 7 கோடி 17 இலட்சம் டொலர். அப்போது அதைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு டொலருக்கும் குறைந்தது ஒன்றரை டொலர் வரியாகக் கட்ட வேண்டியிருந்தது.

இன்னொரு விடயம் முக்கியம். அங்கே ஒப்பந்தங்கள் பெரும்பாலும் முழு உத்தரவாதம் உள்ளவை. வீரர் சரியாக ஆடாவிட்டாலும், கதிரையில் இருந்தாலும், காயப்பட்டாலும் சம்பளம் போக வேண்டும். ஆகவே ஒரு பெரிய ஒப்பந்தம் அணிக்குப் பொருந்தாமல் போனால் அதைக் கிழித்துப் போட முடியாது. வேறொரு அணி அதைப் பொறுப்பெடுக்க வேண்டும். அதைத்தான் சம்பளத்தை இறக்கி வைப்பது என்கிறார்கள். பொறுப்பெடுக்கிற அணி பல வேளைகளில் கூலி கேட்கும். சாதாரணமாக அந்தக் கூலி, ஒவ்வொரு வருடமும் புதிய வீரர்களை வரிசைப்படி தெரிவு செய்யும் நிகழ்வில் ஒரு தெரிவு உரிமையாக இருக்கும். நாளைய வீரர் ஒருவரைக் கொடுத்து இன்றைய கடனை இறக்குகிறீர்கள்.

2013 டிசம்பர்: ரூடி கே போனார்

ராப்டர்ஸ் அந்தப் பருவத்தில் 2013 டிசம்பர் தொடக்கம்வரை ஆடிய 18 ஆட்டங்களில் 6இல் மட்டும் வென்றிருந்தது. 2008க்குப் பிறகு இறுதிச் சுற்றுகளுக்கு அது போனதே இல்லை. அணியில் அதிக சம்பளம் ரூடி கே என்பவருக்கு. அந்தப் பருவத்துக்கு ஏறக்குறைய 1 கோடி 79 இலட்சம் டொலர். அடுத்த பருவத்துக்கு 1 கோடி 93 இலட்சம். அதை எடுப்பதா விடுவதா என்று தீர்மானிக்கும் உரிமையும் அவரிடமே இருந்தது. பந்து அவரிடம் போனால் அங்கேயே நின்றது. அவர் எறிந்த பந்துகளில் நூற்றுக்கு நாற்பதுகூடக் கூடைக்குள் விழவில்லை.

அந்த வருடம்தான் முகாமையாளராக வந்த மசாய் உஜிரி, டிசம்பர் 9ஆம் திகதி அவரை இன்னும் இருவரோடு சேர்த்து சக்ரமென்ரோ கிங்ஸ் அணிக்கு அனுப்பினார். திரும்பி வந்தவர்கள் நால்வர்: கிரேவிஸ் வாஸ்க்வெஸ், பற்றிக் பற்றர்சன், ஜோன் சல்மன்ஸ், சக் ஹேய்ஸ். இதில் வாஸ்க்வெஸ்தான் எங்கள் கதைக்குரியவர். வெனிசுவேலாவின் கராகஸ் நகரத்துக்காரர். ரொறன்ரோவின் முதல் பொயின்ற் கார்ட் கைல் லௌரிக்கு மாற்றாக வந்தார்.

அண்ணாவும் நண்பர்களும் அன்றைக்கு இதைத் தோல்வியை ஒப்புக்கொள்வதாகத்தான் பார்த்தார்களாம். ஒரு பெரிய பெயரைக் கொடுத்து நாலு சின்னப் பெயரா? லௌரியும் போகப்போகிறார், நியூயோர்க் அணியோடு பேச்சு நடக்கிறது என்று செய்திகள் வந்தன. மாற்று ஆள் வந்ததே முதல் ஆளை அனுப்பத்தான் என்று பலர் நினைத்தார்கள். நினைத்ததில் நியாயமும் இருந்தது.

கணக்கைப் பார்ப்போம். அந்த வருடச் சம்பளத்தில் பெரிய மிச்சம் இல்லை. கொடுத்ததும் வாங்கியதும் கிட்டத்தட்டச் சமம். மிச்சம் அடுத்த வருடத்தில் இருந்தது. வாஸ்க்வெஸ், பற்றர்சன் இருவரின் ஒப்பந்தங்களும் அந்தப் பருவத்தோடு முடிகிறவை. சல்மன்ஸின் அடுத்த வருடச் சம்பளமான 70 இலட்சம் டொலரில் 10 இலட்சத்துக்கு மட்டும்தான் உத்தரவாதம். அதாவது ரூடி கேயின் 1 கோடி 93 இலட்சம் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பகுதி வெளித்தது. அதற்காகத் தெரிவு உரிமை எதையும் ரொறன்ரோ கொடுக்கவும் இல்லை.

பிறகு நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. நியூயோர்க் பேச்சு முறிந்தது. லௌரி தங்கினார். பந்து கை மாறி ஓடத் தொடங்கியது. லௌரி இளைப்பாறும் நேரத்தில் வாஸ்க்வெஸ் ஆட்டத்தைக் கலைய விடவில்லை. சில நேரம் இருவரும் சேர்ந்தே நின்றார்கள். மிச்சமிருந்த 64 ஆட்டங்களில் 42 வெற்றி. மொத்தம் 48 வெற்றி என்பது அதுவரை அந்த அணியின் சாதனை. முதல் சுற்றில் புறூக்ளினிடம் ஏழாவது ஆட்டத்தில் 104-103 என்று ஒரே புள்ளியில் தோற்றார்கள். அந்த இரவு அண்ணா அழுததாக அண்ணி சொல்லி இன்றைக்கும் சிரிப்பார்.

வெளித்த இடத்துக்கு என்ன நடந்தது?

பெடியள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சம்பளத்தை இறக்கினால் கிடைப்பது ஒரு வெற்றிடம். வெற்றிடம் தானாக விளையாடாது.

ரொறன்ரோ அதை என்ன செய்தது? 2014 கோடையில் சல்மன்ஸை அற்லாண்டாவுக்குக் கொடுத்தார்கள். அற்லாண்டாவுக்கும் சம்பள இடம் தேவைப்பட்டது. பத்து இலட்சத்தோடு வெட்டிவிடக்கூடிய ஒப்பந்தம் அவர்களுக்குப் பொன். அதற்காக லூ வில்லியம்ஸைத் தந்தார்கள். அவர் அடுத்த பருவத்தில் மாற்று வீரர்களில் சிறந்தவருக்கான விருதை ரொறன்ரோ சட்டையோடு வாங்கினார்.

2015 ஜூனில் வாஸ்க்வெஸை மில்வோக்கிக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு நோர்மன் பவல் என்ற புதிய வீரரும், 2017இன் ஒரு முதல்சுற்றுத் தெரிவு உரிமையும் வந்தன. இதனால் 2017இல் ரொறன்ரோவிடம் இரண்டு முதல்சுற்று உரிமைகள் இருந்தன. ஒன்று சேர்ஜ் இபாக்காவை வாங்கப் போனது. மற்றதில் ஓஜி அனுனோபியைத் தெரிவு செய்தார்கள். 2019 ஜூன் 13ஆம் திகதி கோல்டன் ஸ்டேற் அணியை 114-110 என்று வென்று ராப்டர்ஸ் வாகை சூடியபோது லௌரி, பவல், இபாக்கா, அனுனோபி நால்வரும் அந்த அணியின் ஆட்கள். அனுனோபிக்கு மட்டும் குடல்வால் சத்திரசிகிச்சையால் இறுதிச் சுற்றுகளில் ஆட முடியவில்லை.

அந்த இறுதி ஆட்டத்தில் இன்னொருவர் உண்டு: பிரெட் வான்வ்லீற். 2016இல் எந்த அணியும் தெரிவு செய்யாமல் விட்டவர். 2017 கோடையில் ரொறன்ரோ தன் மாற்றுப் பொயின்ற் கார்ட் கோரி ஜோசப்பை இந்தியானாவுக்கு அனுப்பியது. டிமாரே கரோல் என்பவரின் இரண்டு வருட, ஏறக்குறைய 3 கோடி டொலர் சம்பளத்தையும் புறூக்ளினிடம் இறக்கியது. இந்த முறை கூலி கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு முதல்சுற்று உரிமையும் ஒரு இரண்டாம்சுற்று உரிமையும் போயின. ஆனால் ஜோசப் போன இடத்தில் நின்று வளர்ந்தவர்களில் ஒருவர் வான்வ்லீற். இறுதி ஆட்டத்தில் அவர் எடுத்த 22 புள்ளிகளில் 12 கடைசிக் கால்பகுதியில் வந்தன.

இதுவரை அண்ணா சொல்வது சரி. பெரிய சம்பளத்தை இறக்கி, மாற்று ஆளுக்கு இடம் கொடுத்து, கிடைத்த இடத்தைப் பொறுமையாகப் பயன்படுத்திய அணி ஆறு வருடத்தில் வாகை சூடியது.

போனவருக்கு என்ன நடந்தது?

வட்ஸ்அப் சண்டையில் யாரும் கேட்காத கேள்வி இது.

ரூடி கே பிழையான ஆட்டக்காரர் அல்ல. சக்ரமென்ரோ போனபிறகு அதே பருவத்தில் சராசரியாக 20 புள்ளிகள் எடுத்தார். குறியும் நன்றாகத் திருந்தியது. 1 கோடி 93 இலட்சத்தையும் பெற்றார். அந்த அணி அவரோடு மேலும் ஒப்பந்தம் நீடித்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். ரொறன்ரோவுக்கு அவர் வந்ததே மெம்பிஸ் அணி 2013 ஜனவரியில் அவருடைய சம்பளத்தை இறக்கியபோதுதான். அவரை விட்ட மெம்பிஸ் அந்த வருடமே தன் வரலாற்றில் முதல்முறையாக மேற்குப் பிரிவின் இறுதிவரை போனது. பதினொரு மாதத்துக்குள் ஒரே மனிதர் இரண்டு அணிகளுக்குச் சுமையாகத் தெரிந்தார். மூன்றாவது அணியில் அவர் நன்றாக ஆடினார். அந்த ஆட்டக்காரரும் அந்தச் சம்பளமும் அந்த அணியும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதைத் தவிர இதில் வேறு குற்றம் இல்லை.

வாஸ்க்வெஸின் கதை அவ்வளவு நன்றாக முடியவில்லை. மில்வோக்கி போன பருவத்தில் கணுக்காலில் சத்திரசிகிச்சை. 23 ஆட்டங்கள்தான் ஆடினார். அதற்குப் பிறகு அவருடைய என்.பி.ஏ. வாழ்க்கை நீளவில்லை. ரொறன்ரோ கணக்கில் அவர் பவலாகவும் ஒரு தெரிவு உரிமையாகவும் மாறிவிட்டார். அவருடைய கால் அந்தக் கணக்கில் இல்லை. ஒன்பது பருவங்கள் ஆடிய டிமார் டிறோசனை 2018 ஜூலையில் காவாய் லெனார்ட்டுக்காகக் கொடுத்தபோது, தனக்கு வேறு விதமாகச் சொல்லப்பட்டது என்ற மனத்தாங்கலை அவர் வெளிப்படையாகவே காட்டினார்.

கோடிக் கணக்கில் சம்பளம் வாங்கி விமானத்தில் போகிறவரின் இடமாற்றத்தை, கையில் அகப்பட்டதோடு கடலைத் தாண்டிய எங்கள் இடப்பெயர்வோடு ஒப்பிட எனக்கு மனமில்லை. ஆனால் தன்னைக் கேட்காமலே தான் இருக்கும் இடம் இன்னொருவரால் முடிவு செய்யப்படும்போது மனிதருக்கு எப்படி இருக்கும் என்று தீவகத்தாருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அப்படியிருந்தும் அந்த மூவருக்கும் ஒரு பாதுகாப்பு இருந்தது. அவர்களுடைய ஒப்பந்தம் அவர்களோடு கூடவே போனது. ரொறன்ரோ கொடுக்காத சம்பளத்தைச் சக்ரமென்ரோ கொடுத்தது. என்.பி.ஏ.யில் சம்பளத்தை இறக்குவது என்றால் அது ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் போகிறது. காற்றில் கரைவதில்லை.

எங்கள் வடமராட்சிக்காரருக்கு ஒப்பந்தம் இல்லை. வாய்ச்சொல் மட்டும்தான். மேசன் வேலை செய்கிறார். மாரியில் வேலை குறைவு. சுற்றுப்போட்டிக் காசை நம்பி அவர் வீட்டில் என்னென்ன கணக்குகள் இருக்கின்றன என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. நாங்கள் அவரை "இறக்கினால்" பொறுப்பெடுக்க அந்தப் பக்கம் ஒரு அணி நிற்கவில்லை. சுமை முழுவதும் அவர் தலையிலேயே விழும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு

அண்ணாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப அவரையே வைச்சிருக்கச் சொல்லுறியா? நெடுந்தீவுப் பெடியன் என்ன செய்யிறது?"

"இல்லை அண்ணா. பெடியனுக்கு இடம் வேணும். அது சரி. இறக்கிற விதத்தைத்தான் சொல்லுறன்."

இரண்டாவது செற்றர் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முதல் செற்றர் கட்டார் போனபிறகு தேடினால் பிந்திவிடும். அடிக்கிறவருக்கு முழுக்காசையும் கொடுத்து, அவருக்குப் பந்து எழுப்ப ஆள் இல்லாமல் நிற்பதில் ஒரு பயனும் இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் கூட்டத்தில் நான் மூன்று கேள்விகளை வைக்கப்போகிறேன். ரொறன்ரோவின் கதையிலிருந்து எடுத்தவைதான்.

முதலாவது, வெளிக்கும் காசு எதற்கு? நெடுந்தீவுப் பெடியன் இந்தப் பக்கம் தங்குவதற்கும் பயிற்சிக்கும் என்று இப்போதே எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் அது புதுச் சட்டைக்கும் பரிசளிப்பு மேடைக்கும் போய்விடும். பிறகு வடமராட்சிக்காரரும் இல்லை, செற்றரும் இல்லை.

இரண்டாவது, எவ்வளவு காலம் பொறுப்போம்? ரொறன்ரோவுக்கு ஆறு வருடம் எடுத்தது. அடுத்த சுற்றுப்போட்டியில் தோற்றவுடன் பெடியனைப் பேசுவதாக இருந்தால் இதைத் தொடங்கவே வேண்டாம்.

மூன்றாவது, போகிறவரின் சுமையை யார் தாங்குவது? என் கருத்து, இந்தப் பருவம் முடியும்வரை சொன்ன காசைக் கொடுக்க வேண்டும். இப்போதே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். வேறு கழகம் தேட அவருக்குக் காலம் கிடைக்கும், நாங்களும் நாலு கழகங்களோடு கதைத்துப் பார்க்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் அதற்கு இந்த ஒருமுறை கொஞ்சம் கூடுதலாக அனுப்ப வேண்டியிருக்கும்.

"அதுக்கு எவ்வளவு வரும்?" என்று அண்ணா கேட்டார். கணக்குப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன்.

"பார்த்துச் சொல்லு. நான் இங்க பெடியளோட கதைக்கிறன்" என்றார். பிறகு, "அவருக்குச் சொல்லேக்குள்ள வட்ஸ்அப்பில சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஒருநாள், நானும் கழகச் செயலாளரும் வடமராட்சிக்குப் போகிறோம்.